திண்டிவனத்தில் நிற்காத குரல்

என் அப்பா திண்டிவனத்தில் மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், மாதா கோயில் திருவிழா என்று எது நடந்தாலும் சவுக்குக் கம்பத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி ஊருக்கே சத்தம் கொடுத்தவர். தொண்ணூற்று மூன்றில் எனக்குப் பன்னிரண்டு வயது. அந்த வருடத் திருவிழாவுக்குக் கோயில் வாசலிலிருந்து தெருக்கோடி வரை வரிசையாகக் குழாய்களைக் கட்டியிருந்தார். ஜனங்கள் வருவதற்கு முன்னால், வெயில் சாய்கிற நேரத்தில், அவர் கோயில் வாசலில் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்து, "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்பார். நான் தெருக்கோடியில் கடைசிக் குழாய்க்குக் கீழே நின்றுகொண்டு, குரல் வந்து சேர்ந்ததும் கையைத் தூக்க வேண்டும். எனக்குக் கொடுத்த வேலை அவ்வளவுதான். அந்த நீளத் தெருவில் அப்போது வேறு யாரும் இருக்க மாட்டார்கள். அவர் பேசுவது வாயசைவாகக்கூடத் தெரியாத தூரம். ஆனால் குரல் என் தலைக்கு மேலேயே இருக்கும். நான் கையைத் தூக்கினால் அவரும் அங்கிருந்து கையைத் தூக்குவார்.

வேலை முடிந்ததும் நான் நேராகத் திரும்பிவிட மாட்டேன். நடுத்தெருவில் நின்றுகொள்வேன். அங்கே நின்றால் அப்பாவின் ஒரு 'ஹலோ' மூன்று ஹலோவாகக் கேட்கும். பக்கத்துக் குழாயிலிருந்து ஒன்று, அடுத்ததிலிருந்து ஒன்று, எங்கேயோ தூரத்திலிருந்து மெலிசாக இன்னொன்று. கண்ணை மூடிக்கொண்டால் மூன்று அப்பாக்கள் மூன்று ஊரிலிருந்து கூப்பிடுவதுபோல இருக்கும். ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். அவர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே, "எல்லாத்துக்கும் ஒண்ணாதான் அனுப்புறேன். நீ நிக்கிற எடம் அப்பிடி" என்றார். எனக்கு அது அப்போது புரியவில்லை. புரியாததாலேயே பிடித்திருந்தது.

அதே வருடமோ அடுத்த வருடமோ, ஆம்ப்ளிஃபயர் ரிப்பேருக்காக என்னையும் கூட்டிக்கொண்டு விழுப்புரம் போனார். திரும்பும்போது அவசரத்தில் ஒரு எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டோம். அது திண்டிவனத்தில் நிற்காத வண்டி என்பது மயிலம் தாண்டிய பிறகுதான் தெரிந்தது. எங்கள் வீடு ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. ஜன்னல் வழியே எங்கள் ஊர் வந்தது, எங்கள் தெரு வந்தது, கொடியில் அம்மா காயப்போட்டிருந்த என் பச்சைப் பாவாடை வந்தது, எல்லாம் போயே போய்விட்டது. அவ்வளவு பக்கத்தில் எங்கள் வீட்டை நான் கடந்து போனதே இல்லை. செங்கல்பட்டு வரை போய், பாசஞ்சர் பிடித்து வந்த வழியே திரும்பினோம். அப்பா வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார். அம்மாவுக்குத்தான் கோபம். கேட் பக்கம் நின்று ரயிலைப் பார்த்ததாகவும், அதில் நாங்கள் இருப்பது தெரியாமல் போயிற்றே என்றும் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கல்யாணமாகி நான் விழுப்புரத்துக்கே வந்தேன். ஒரு பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் டீச்சர் வேலை கிடைத்தது. இரண்டு ஊருக்கும் நடுவே பஸ்ஸில் ஒரு மணி நேரம், அவ்வளவுதான். அந்த ஒரு மணி நேரத்தைச் சாக்காக வைத்துத்தான் நாளை போகலாம், நாளை போகலாம் என்று தள்ளிக்கொண்டே இருப்போம். வாடகை வீடுகள் மாறிக்கொண்டே இருந்தோம். அம்மா எழுதுகிற கடிதங்கள் நாங்கள் காலி செய்துவிட்ட வீட்டுக்குப் போய், அங்கிருந்து யாராவது மனசு வைத்துக் கொடுத்தனுப்பினால் வரும். ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை, ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களான தவக்காலத்தில் வந்து சேர்ந்தது. நாங்கள் கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு திரும்பிய அன்று, குழந்தை இயேசு வீட்டு வாசலில் காத்திருந்தார். முகவரி மாறாமல் இருந்தால் எதுவும் சீக்கிரம் வந்து சேரும் என்ற எண்ணம் அப்போதுதான் எனக்குள் ஊறியிருக்க வேண்டும். கோலியனூர் ரோட்டில் சொந்தமாக வீடு கட்டிக் குடிவந்த பிறகும் அது போகவில்லை.

அப்புறம் செல்போன் வந்தது. இரண்டாயிரத்துப் பத்தைத் தாண்டி சில வருடங்களில் வீட்டுக்கு வீடு இன்டர்நெட்டும் வந்தது. அப்பா அதற்குள் மைக் செட்டை வேறு ஒருவருக்கு விற்றுவிட்டு, பேப்பர் படித்துக்கொண்டு நிம்மதியாக இருந்தார். செல்போனில் பேசவே மாட்டார், எடுத்த உடனே அம்மாவிடம் கொடுத்துவிடுவார். ஒருநாள் அம்மா மூலமாகச் சொல்லியனுப்பினார்: போனில் பேசினால் பேசினமாதிரியே இல்லை, முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும், அதற்கு என்ன உண்டோ அதைப் போட்டுக் கொடுங்கள் என்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மகள் முகத்தைப் பார்க்க அப்பாவுக்கு எவ்வளவு ஆசை என்று வேலை பார்க்கிற இடத்திலெல்லாம் சொல்லிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் பெரிய திரையுள்ள டேப் இரண்டு வாங்கி, ஒன்றை எங்கள் வீட்டில் வைத்துக்கொண்டு, இன்னொன்றைத் திண்டிவனம் வீட்டு மேஜைமேல் நிறுத்திவைத்து, எதைத் தொட வேண்டும் என்று காட்டிக்கொடுத்து வந்தார். தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடியோ கால்.

சண்டை அடுத்து வந்த ஈஸ்டர் அன்று, திண்டிவனம் வீட்டில் வந்தது. பிரியாணி சாப்பிட்டு, எல்லாரும் சாய்ந்து உட்கார்ந்திருந்தபோது, இந்த வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் விழுப்புரத்துக்கு வந்துவிடுங்கள் என்றேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. அப்பாவுக்கும் வயதாகிறது. நான் ஒரே பெண். மாடியில் இரண்டு அறை சும்மா கிடக்கிறது. அப்பா, மாப்பிள்ளை வீட்டில் போய் நான் என்னவென்று உட்காருவேன் என்றார். அது மாப்பிள்ளை வீடு இல்லை, நானும் சேர்ந்து கட்டிய வீடு என்றேன். அவர் அசையவில்லை. எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம். கோபம் வந்தால் இன்னும் நீளும்.

"இன்னைக்கு வேணாம்னா வேணாம். ஒருநாள் உங்களால முடியாம போச்சுன்னா, உங்கள ஒரு வார்த்த கேக்க மாட்டேன். தூக்கி வண்டியில போட்டுக்கினு போயிடுவேன்."

அப்பா எழுந்து போய்க் கை கழுவினார். ஏற்கெனவே கழுவிய கை அது.

அதற்குப் பிறகு நான் ஊருக்குப் போகவில்லை. தேர்வுப் பணி, கோடை வகுப்பு, பள்ளி திறப்பு என்று காரணங்களுக்குப் பஞ்சமில்லை. வீடியோ கால் மட்டும் நிற்கவில்லை. ஆனால் அதில் ஏதோ ஒன்று மாறிப்போயிருந்தது. நான் ஏதாவது கேட்டால் அப்பாவிடமிருந்து உடனே பதில் வராது. திரையில் அவர் முகம் அப்படியே இருக்கும். மெதுவாக இடது பக்கம் திரும்பி எதையோ பார்ப்பார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "சாப்ட்டாச்சும்மா" என்பார். அதற்குள் நான் அடுத்த கேள்வியைத் தொடங்கியிருப்பேன். இரண்டும் முட்டிக்கொள்ளும். இருவரும் நிறுத்துவோம். இருவரும் மறுபடி ஒன்றாகத் தொடங்குவோம். எதிரே வருகிற ஆளுக்கு வழிவிட்டு வழிவிட்டு இருவரும் போகமுடியாமல் நிற்பார்களே, அந்த மாதிரி.

இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும். லைன் மெதுவாக இருக்கிறது, அல்லது அப்பாவுக்கு என்மேல் இன்னும் கோபம், என்னோடு பேசவே யோசிக்கிறார். எனக்கு முதலாவதுதான் வேண்டியிருந்தது. லைனைச் சரிசெய்ய ஆள் உண்டு.

நெட்டுக்காரரைக் கூப்பிட்டேன். முன்பு கேபிள் டிவி வைத்திருந்தவர், எங்கள் பகுதி முழுவதும் அவர் லைன்தான். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, சுவரில் மினுக்கிக்கொண்டிருந்த பெட்டியை உற்றுப் பார்த்தார். ஸ்பீடு வேறு, இது வேறு என்றார். தண்ணீர்க் குழாய் எவ்வளவு பெரிசு என்பது ஸ்பீடு, திறந்தால் முதல் சொட்டு எப்போது விழுகிறது என்பது இது. அதற்கு அவர் ஒரு பெயர் சொன்னார். அது என் காதில் 'லேட் ஆன்சர்' என்று விழுந்தது. எவ்வளவு பொருத்தமான பெயர் வைத்திருக்கிறார்கள் என்று வியந்துபோனேன். லேட் ஆன்சர் இல்லை, லேட்டன்சி என்று என் வீட்டுக்காரர் திருத்தியபோது பல வாரம் கடந்துவிட்டது. அதற்குள் பள்ளி ஆசிரியர் அறையில் பாதிப் பேருக்கு என் சொல் பழகிவிட்டது.

அதற்கு மருந்தும் நெட்டுக்காரரே சொன்னார். "ஸ்டேடிக் ஐபி போட்டுக்குங்கக்கா. இப்ப உங்க வீட்டு நம்பரு மாறிக்கினே இருக்குது. மாறாத நம்பரு ஒண்ணு போட்டுட்டா, தேடிக்கினு இருக்காம நேரா வந்து நிக்கும்."

ஸ்டேடிக் ஐபி என்றால் நிலையான முகவரி. எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. தவக்காலத்தில் வந்த கிறிஸ்துமஸ் வாழ்த்து கண்முன்னே நின்றது. என் அப்பாவின் பதில்கள் எல்லாம் விழுப்புரத்துக்கு வந்து, நாங்கள் காலி செய்துவிட்ட வீடுகளின் கதவை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு திரிகின்றன என்றே தோன்றியது. உடனே போடுங்கள் என்றேன்.

போட்டார். அன்று சாயங்காலம் சீக்கிரமே டேப்பின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். அப்பா வந்தார். மழை உண்டா என்று கேட்டேன். முகம் அப்படியே இருந்தது. இடது பக்கம் திரும்பினார். ஜன்னலைப் பார்க்கிறாரோ என்னவோ. திரும்பி வந்தார். "மழையெல்லாம் இல்லம்மா."

என் வீட்டுக்காரருக்குக் கம்ப்யூட்டரில் கொஞ்சம் பழக்கம் உண்டு. கறுப்புத் திரையைத் திறந்து ஏதோ தட்டினார். இங்கிருந்து ஒரு சின்னத் தகவலை அனுப்பி, அது போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. ஹலோ, மைக் டெஸ்டிங். அங்கே யாரோ கையைத் தூக்குகிறார்கள். ஸ்டேடிக் ஐபி போடுவதற்கு முன்னாலும் அவர் இதைப் பார்த்து வைத்திருந்தார். அப்போது வந்த எண்ணுக்கும் இப்போது வருகிற எண்ணுக்கும் முடியளவு வித்தியாசம் இல்லை. முகவரி மாறாமல் இருந்தால் நம்மைக் கண்டுபிடிப்பது சுலபம், நகைக்கடைக்காரர் ஒருவர் வீட்டிலிருந்தே தன் கடையின் கேமராவைப் பார்க்க அது உதவும், ஆனால் வருகிற வழி அதே வழிதானே என்றார். வழி நீளமாக இருந்தாலும், நடுவில் நெரிசல் இருந்தாலும், வீட்டுக்குள்ளேயே பெட்டிக்கும் டேப்புக்கும் நடுவே சுவர் குறுக்கிட்டாலும் தாமதம் தாமதம்தான். கதவு எண் மாறாததால் பஸ் வேகமாக ஓடாது. அப்புறம் எண்ணைச் சுட்டிக்காட்டி, "இது கண்ணு சிமிட்டற நேரம்கூட இல்ல. வீடியோவுக்கு இன்னும் கொஞ்சம் சேத்துக்கலாம். உங்கப்பா எடுத்துக்கிற நேரம்..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நான் அதைக் கேட்காததுபோல, வழி எது என்று கேட்டேன். அதையும் தட்டிக் காட்டினார். இங்கிருந்து கிளம்புகிற என் குரல் முதலில் சென்னைக்குப் போகிறது. அங்கே வண்டி மாறி, மறுபடி கீழே இறங்கித் திண்டிவனத்துக்கு வருகிறது. ரயில் பாதையையும் ஆறுகளையும் மாநில எல்லைகளையும் பிள்ளைகளுக்கு வரைந்து காட்டுகிற எனக்கு இதுவரை தோன்றாதது அப்போது தோன்றியது. சாலை ஓரத்தில் புதைத்திருக்கிற கேபிளில் என் குரல் விக்கிரவாண்டி தாண்டி, கூட்டேரிப்பட்டு தாண்டி, திண்டிவனத்துக்குள் நுழைந்து, என் அப்பா உட்கார்ந்திருக்கிற நாற்காலிக்குக் கூப்பிடு தூரத்தில், நிற்காமல் போகிறது. அந்த எக்ஸ்பிரஸ் போனமாதிரியே. கொடியில் காய்கிற பச்சைப் பாவாடையைப் பார்த்துக்கொண்டே. அப்புறம் சென்னையிலிருந்து பாசஞ்சரைப் பிடித்துத் திரும்பி வருகிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு சாயங்காலமும், அப்பாவின் பதிலுக்குக் காத்திருக்கிற அந்த இடைவெளியில், நான் கண்ணை மூடிக்கொண்டு என் கேள்வியோடு சேர்ந்து பயணம் போக ஆரம்பித்தேன். டோல்கேட்டில் லாரிகள் நிற்கும். ஏரித் தண்ணீரில் வெளிச்சம் மினுங்கும். மயிலம் குன்று பின்னால் நகரும். கேட் பக்கம் அம்மா நின்றுகொண்டிருப்பாள். எனக்கு அது பிடித்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். காத்திருப்பது அவர் கோபத்துக்காக இல்லை, தூரத்துக்காக என்று நினைத்துக்கொள்ள முடிந்தது.

நெட்டுக்காரரிடம் ஒன்றும் மாறவில்லையே என்றபோது, அவர் அசரவில்லை. அந்த முனையிலும் ஸ்டேடிக் போட வேண்டும், ஒரு கையால் தட்டினால் ஓசை எப்படி வரும் என்றார். சரி, அதையும் பார்த்துவிடலாம் என்று அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். திண்டிவனம் வீட்டுக்கு நிலையான முகவரி ஒன்று வாங்கப் போகிறேன் என்று நிதானமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். நீண்ட நேரம் இடது பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எனக்கு எதுக்கும்மா நிலையான முகவரி? நான் எங்க போவப் போறேன்?"

அதில் குரல் உயரவே இல்லை. அதுதான் சுட்டது. முழுத் திண்டிவனத்திலும் முகவரி மாறாத மனுஷன் அவர்தான். அதே வீடு, அதே கேட், அதே கொடி. அவரைப் பெயர்த்தெடுக்கப் பார்த்த நான் அவருக்கே நிலையான முகவரி வாங்கித் தருகிறேன் என்கிறேன். குத்திக்காட்டுகிறார் என்று நினைத்தேன். டேப்பை மூடியபின் சமையலறையில் நின்று அழுதேன்.

அக்டோபர் வந்தது. எங்கள் வீடுகளில் அது ஜெபமாலை மாதம். தினமும் குடும்பமாக உட்கார்ந்து சொல்வது வழக்கம். மாலையின் ஒவ்வொரு மணிக்கும் ஒருவர் ஜெபத்தின் முதல் பாதியைச் சொல்ல மற்றவர்கள் மறுபாதியைச் சொல்வார்கள். பதில் தாமதமாக வந்தால் மாலையே குலைந்துவிடும். வீடியோவில் இது ஆகாது என்று நினைத்தேன். அப்பாதான் கேட்டார். "நீ முன்னால சொல்லும்மா. நான் பதில் சொல்றேன்."

முதல் மணியைப் பிடித்துக்கொண்டு என் பாதியைச் சொன்னேன். முடிக்கிற நேரத்தில், ஒரு மூச்சுகூடத் தவறாமல், அவர் பாதி வந்தது. இரண்டாவது மணி. அதேபோல. மூன்றாவதில், நான் கடைசிச் சொல்லை முடிக்குமுன்னே அவர் தொடங்கிவிட்டார். இடது பக்கம் திரும்பவில்லை. கண் என்மேலேயே இருந்தது. அந்தக் குரல், மைக் பிடித்துப் பழகிய அந்தக் கனமான குரல், என் சொல்லைத் தரையில் விழாமல் ஏந்திக்கொண்டு போயிற்று. கோயில் வாசலுக்கும் தெருக்கோடிக்கும் நடுவே தூரமே இல்லாமல் போன மாதிரி இருந்தது. பாதி மாலைவரை நான் சந்தோஷத்தில் மிதந்தேன். அதற்குப் பிறகுதான் உறைத்தது. லைனில் ஒரு குறையும் இல்லை. குரல் சென்னைக்குப் போய்த் திரும்பினாலும் உடனே வருகிறது. மாதாவுக்குப் பதில் சொல்ல அவருக்குத் தாமதமே இல்லை. எனக்குச் சொல்லத்தான் தாமதம்.

அப்படியென்றால் கோபம்தான். ஈஸ்டரிலிருந்து ஆறேழு மாதமாக, தினமும், முகத்தைத் திருப்பி யோசித்து யோசித்துத்தான் என்னோடு பேசியிருக்கிறார். மிச்ச மாலையை நான் எப்படிச் சொல்லி முடித்தேன் என்று எனக்கு நினைவில்லை.

மறுநாள் பள்ளி விட்டதும் நேராகப் பஸ் ஏறினேன். வீட்டுக்காரரிடம், நீங்கள் வழக்கம்போல வீடியோவில் கூப்பிடுங்கள், நான் வருவதைச் சொல்லாதீர்கள், உங்களிடம் பேசும்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாரா என்று நேரில் பார்க்க வேண்டும் என்றேன். பஸ் விக்கிரவாண்டி டோல்கேட்டில் நின்றது. கூட்டேரிப்பட்டில் வேர்க்கடலையை 'மல்லாட்டை' என்று கூவி விற்கிறவர்கள் ஜன்னலுக்குக் கூடையைத் தூக்கிக் காட்டினார்கள். இவ்வளவு நாளும் கண்ணை மூடிக்கொண்டு போன வழி, இப்போது கண் திறந்திருக்கும்போது நீளமாக இருந்தது. போனதும் என்ன சொல்லுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். மன்னித்துவிடுங்கள் என்பதில் தொடங்கி, அப்படி என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன் என்பதில் முடிந்தது. திண்டிவனத்தில் இறங்கியபோது விளக்கு வைத்துவிட்டார்கள். ஒரு ரயில் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. உள்ளே என் வீட்டுக்காரரின் குரல் டேப்பிலிருந்து உரக்கக் கேட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு நடையில் நின்றேன். அப்பா மேஜைக்கு முன்னால் நாற்காலியில் இருந்தார். அவருக்கு இடது பக்கத்தில், டேப்பின் கண்ணில் படாத இடத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மா. மடியில் முறம். மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

"அங்க மழை எப்பிடி மாமா?" என்றது டேப்.

அம்மா உரிப்பதை நிறுத்தினாள். அப்பா அவள் பக்கம் திரும்பினார். அம்மா சத்தமே இல்லாமல் வாயைத் திறந்து, உதட்டை ஒவ்வொரு எழுத்துக்கும் விரித்தும் குவித்தும், 'மழை' என்றாள். 'எப்படி' என்றாள். விரல்களை மேலிருந்து கீழே ஆட்டிக் காட்டினாள். அப்பா அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரையைப் பார்த்து, "இங்க லேசா தூறல்தான் மாப்ள" என்றார்.

நான் நின்றது நின்றபடியே நின்றேன். விழுப்புரத்திலிருந்து சென்னை வரை போய்த் திரும்பி, இந்த வீட்டுக்குள் வந்து, மேஜைவரை வந்து சேர்ந்த குரல், அங்கிருந்து அவரிடம் போகவில்லை. அம்மாவிடம் இறங்கி, அவள் உதட்டில் ஏறி, அப்புறம்தான் போயிற்று. அந்தக் கடைசித் துண்டு எந்தக் கறுப்புத் திரையிலும் வராது. குழாய் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே நாற்பது வருடம் நின்ற காது அது. முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்று அவர் கேட்டது எதற்கென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. செல்போனைக் காதில் வைத்துக்கொண்டால் என் குரல் அம்மாவுக்குக் கேட்காது, அவள் உதடும் அவருக்கு உதவியிருக்காது.

அம்மா என்னைப் பார்த்துவிட்டாள். முறம் மடியிலிருந்து சரிந்தது. அவள் முகத்தைப் பார்த்து அப்பாவும் திரும்பினார். நான் மேஜைக்குப் போய், அப்புறம் கூப்பிடுகிறேன் என்று சொல்லி டேப்பை அணைத்தேன்.

ஈஸ்டருக்கு முன்னேயே ஆரம்பித்துவிட்டது என்றாள் அம்மா. முதலில் ஒரு காது, பிறகு இரண்டும். டாக்டரிடம் காட்டினார்கள், மெஷின் வைத்தாலும் கொஞ்சம்தான் பயன்படும் என்றாராம். உன்னிடம் சொல்லக்கூடாது என்று மாதா படத்துக்கு முன்னால் என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டார் என்றாள். ஜெபமாலை எப்படி என்று கேட்டேன். உன் விரலில் மணி நகர்வதைப் பார்த்துச் சொல்லுவார், அதற்குக் காது எதற்கு என்றாள். சொல்லிக்கொண்டே குனிந்து தரையில் சிதறிய மல்லாட்டையைப் பொறுக்கினாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

நான் அப்பா காலடியில் உட்கார்ந்தேன். கோபமாக இருக்கிறீர்கள் என்று நினைத்தேன் என்றேன். அம்மா அதை உதட்டில் அவருக்குச் சொன்னாள். அவர் என் தலைமேல் கையை வைத்தார்.

"கோவம் இன்னாம்மா கோவம். நீ அன்னிக்கி சொன்னது மட்டும் நல்லா கேட்டுச்சு. முடியாம போச்சுன்னா தூக்கிக்கினு போயிடுவேன்னு. அதுக்கப்புறம்தான் எதுவும் செரியா கேக்கல."

கேட்டில் மணி அடித்தது. அடுத்த வண்டி வருகிறது. அதையும் அவர் கேட்டிருக்க மாட்டார், மேஜை லேசாக அதிர்ந்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். வண்டி போகும்வரை பேசாமல் இருந்தார். அந்தச் சத்தத்தில் எதிராளிக்குக் கேட்காது என்று பேச்சை நிறுத்துவது இந்த வீட்டுப் பழக்கம். காது போன பின்னும் அதை அவர் விடவில்லை. வண்டி போய் முடிந்தபின் கேட்டார்.

"இப்ப தெரிஞ்சிபோச்சு. கூட்டிக்கினு போயிடுவியா?"

எனக்குப் பதில் உடனே வரவில்லை. மாடியில் இரண்டு அறைகள் கண்முன்னே வந்தன, அம்மாவின் முழங்கால் வந்தது, இங்கே ஒருநாள் ஏதாவது நடந்தால் என்ற பயம் வந்தது. கொடி வந்தது, கேட் வந்தது. அவ்வளவு தூரமும் போய்த் திரும்ப வேண்டியிருந்தது. அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். அம்மா கையில் மல்லாட்டையோடு, நான் என்ன சொன்னாலும் எடுத்துச் சொல்வதற்கு உதட்டைத் தயாராக வைத்துக்கொண்டிருந்தாள்.

நான் இல்லையென்று தலையை ஆட்டினேன். அம்மா வாயைத் திறப்பதற்குள் அப்பாவுக்குப் புரிந்துவிட்டது.